ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் ஏன் ரத்தாகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று ஆகப் போகிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு ஸ்டேஷன் பிளாட்ஃபார்மில் நீங்கள் நிற்கிறீர்கள். தி.நகரில் துணி எடுக்கலாம் என்று குடும்பத்தோடு கிளம்பி வந்திருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு பெரியவர், ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பிக்குச் சாப்பாட்டுக் கூடையோடு நிற்கிறார். பெஞ்சில் ஒரு பெண். கையில் ஹால் டிக்கெட். மதியம் 2 மணிக்குத் தேர்வு. அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது: பராமரிப்புப் பணி காரணமாகப் பிற்பகல் வரை மின்சார ரயில்கள் ரத்து.

"இதே கதைதான். இந்த வேலையை ராத்திரியில செய்ய வேண்டியதுதானே?" என்கிறார் பெரியவர்.

நியாயமான கேள்விதான். ரயில்வே ஒன்றிய அரசின் துறை. ஆனால் ரயில் ஓடாத நேரத்தில் பேருந்து தேடுவதும், நேரத்தைத் தொலைப்பதும், வேலைக்கும் தேர்வுக்கும் ஓடுவதும் நாம்தான். அதனால் இதன் பின்னணியை நாம் தெரிந்துகொள்வது நல்லது. ஏன் ஞாயிறு? ஏன் பகலில்? இந்த வேலையைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும்? முக்கியமாக, அடுத்த முறை இது உங்களுக்கு அதிர்ச்சியாக இல்லாமல் இருக்க என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்கள் ரயிலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

பிளாட்ஃபார்ம் ஓரத்திலிருந்து பார்த்தால் இரண்டு இரும்புக் கம்பிகள்தான் தெரியும். ஆனால் ரயிலின் எடையைத் தாங்குவது அந்த இரண்டு மட்டும் அல்ல. தண்டவாளம், அதைப் பிடித்திருக்கும் கிளிப், கிளிப்பைத் தாங்கும் கான்கிரீட் ஸ்லீப்பர், ஸ்லீப்பரைத் தாங்கும் ஜல்லி, எல்லாவற்றுக்கும் அடியில் மண். இவை அனைத்தும் சேர்ந்ததுதான் பாதை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். வழக்கமாக ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர்கள் போடப்படுகின்றன. கடற்கரை – தாம்பரம் தூரம் சுமார் 29 கிலோமீட்டர். ஒரே ஒரு லைனில் மட்டும் ஏறக்குறைய 48,000 ஸ்லீப்பர்கள். ஒவ்வொரு ஸ்லீப்பரிலும் நான்கு கிளிப்புகள் என்றால், கிட்டத்தட்ட 1.9 லட்சம் கிளிப்புகள். இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரயிலுக்கும் அதிர்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. கடலோரத்தின் உப்புக்காற்று வேறு இரும்பை அரிக்கிறது.

ஜல்லி சும்மா கொட்டி வைத்த கல் இல்லை. ரயிலின் எடையைப் பரப்பித் தரையில் இறக்குவதும், மழைத்தண்ணீரை வடிய விடுவதும், ஸ்லீப்பர் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதன் வேலை. ரயில்கள் ஓட ஓட, கற்கள் ஒன்றோடொன்று உரசித் தூளாகும். தூளும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் பாதை அமுங்கும்.

ஜல்லி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2023 டிசம்பர் 17 இரவு, தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில், ஸ்ரீவைகுண்டம் – செய்துங்கநல்லூர் இடையே ஜல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தண்டவாளமும் ஸ்லீப்பரும் கயிற்றுப் பாலம் மாதிரி அந்தரத்தில் தொங்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டதால் அதிலிருந்த சுமார் 800 பேரும் உயிர் தப்பினார்கள். அன்றைக்கு ஒரே ராத்திரியில் நடந்தது. சாதாரண நாட்களில் இதே ஜல்லி மெதுவாக, யார் கண்ணுக்கும் தெரியாமல் கெட்டுப்போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ரயில் ஓடும்போதே செய்யக் கூடிய வேலை, செய்ய முடியாத வேலை

தினமும் காலையில் தோளில் சுத்தியலும் கையில் கொடியுமாகத் தண்டவாளத்தின் மேல் நடந்து போகும் ஒருவரை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்தான் கீமேன். தனக்கு ஒதுக்கப்பட்ட தூரம் முழுவதையும் நடந்தே பார்ப்பார். கழன்ற கிளிப்பைத் தட்டி ஏற்றுவார். விரிசல் தெரிந்தால் ரயிலை நிறுத்த ஏற்பாடு செய்வார். இந்த மாதிரி வேலைகளை இரண்டு ரயில்களுக்கு நடுவில் கிடைக்கும் நிமிடங்களில் செய்துவிடலாம்.

ஆனால் தேய்ந்த தண்டவாளத்தை மாற்ற வேண்டுமென்றால்? இன்றைய தண்டவாளம் ஒரு மீட்டருக்கு 60 கிலோ. 13 மீட்டர் துண்டு ஒன்றே 780 கிலோ. ஒரு கான்கிரீட் ஸ்லீப்பர் கால் டன்னுக்கும் மேல். தண்டவாளத்தை அறுத்து, பழையதை எடுத்து, புதியதை வைத்து, பற்றவைத்து, அது ஆறும் வரை காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும் பாதையில் இதை எப்படிச் செய்ய முடியும்?

பாதையைத் தூக்கி நேராக்கி, ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்கும் டேம்பிங் இயந்திரமும் தண்டவாளத்தின் மேலேயேதான் ஓடும். அது நிற்கும் இடத்தில் ரயில் போக முடியாது. ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலைத் திருப்பும் பாயிண்ட், சிக்னல் கேபிள், தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி இவற்றுக்கும் இதே நிலைதான்.

இப்படிப்பட்ட வேலைகளுக்காக, 'இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை எந்த ரயிலும் வராது' என்று எழுத்துபூர்வமாக உறுதி செய்துகொண்டு பாதையை வேலைக்காரர்கள் கையில் ஒப்படைப்பார்கள். அதற்குப் பெயர்தான் 'பிளாக்'. மின்சாரத்தையும் நிறுத்தினால் 'பவர் பிளாக்'.

சரி, ராத்திரியில் செய்ய முடியாதா?

செய்கிறார்கள். இரவு பிளாக்குகளும் உண்டு. ஆனால் எல்லா வேலையையும் இரவுக்குத் தள்ள முடியாது. ஏன் என்று புரிய, ரயில்வே கண்ட்ரோல் அறையில் இருக்கும் ஒரு வரைபடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குறுக்கே 24 மணி நேரம். மேலிருந்து கீழே ஊர்கள்: எழும்பூர், தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி என்று. ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு சாய்ந்த கோடு. நூற்றுக்கணக்கான கோடுகள் பின்னிக் கிடக்கும். கோடே இல்லாத வெள்ளை இடம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் பிளாக் கொடுக்க முடியும்.

இப்போது சென்னை முனையைப் பாருங்கள். மதுரை, நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி ரயில்கள் மாலையிலிருந்து இரவு வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். தெற்கிலிருந்து வரும் ரயில்கள் விடிகாலையிலேயே வரிசையாக உள்ளே வரத் தொடங்கும். கடைசி மின்சார ரயில் நள்ளிரவை ஒட்டி முடியும். முதல் ரயில் விடியுமுன்பே தொடங்கிவிடும். நடுவில் கிடைக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதிலும் சரக்கு ரயில்களுக்கு வழிவிட வேண்டும்.

அந்தக் கோடுகளைத் தொடர்ந்து கீழே போங்கள். சென்னையில் இரவு புறப்பட்ட ரயிலும் தெற்கிலிருந்து புறப்பட்ட ரயிலும் நள்ளிரவுக்குப் பிறகு விழுப்புரம் – திருச்சி பக்கம் எதிரெதிரே தாண்டிப் போகும். அதாவது, சென்னை கொஞ்சம் அடங்கும் நேரத்தில்தான் அந்தப் பகுதி பரபரப்பாக இருக்கும். அங்கே பகலில்தான் வெள்ளை இடம் கிடைக்கும். எல்லா ஊருக்கும் பொருந்துகிற 'ஓய்வு நேரம்' என்று ஒன்று இல்லை.

வெயிலும் ஒரு காரணம். பற்றவைத்து நீளமாக்கப்பட்ட தண்டவாளம் சூட்டில் நீளப் பார்க்கும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தைத் தடுக்காமல் விட்டால், 10 டிகிரி வெப்பம் கூடினாலே சுமார் 11.5 சென்டிமீட்டர் நீளும். அதை நீள விடாமல் பிடித்து வைத்திருப்பது கிளிப்பும் ஸ்லீப்பரும் ஜல்லியும். உச்சி வெயிலில் ஜல்லியைக் கலைத்தால் அந்தப் பிடி தளர்ந்து தண்டவாளம் பாம்பு மாதிரி வளைந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் சில வேலைகளுக்குத் தண்டவாளத்தின் வெப்பத்தை அளந்து பார்த்து, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தால்தான் கை வைக்கலாம். இன்னொரு பக்கம், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வடிகால், ஜல்லி வேலைகளை முடித்தாக வேண்டும். ஆக, எந்த வேலையை எந்த மாதத்தில், எந்த மணியில் செய்வது என்பதே ஒரு கணக்கு.

அப்போ ஏன் ஞாயிறு? புறநகர் ரயிலில் திங்கள் முதல் வெள்ளி வரை வரும் கூட்டத்தில் பெரும்பகுதி அலுவலகமும் கல்லூரியும். ஞாயிறன்று அது குறைகிறது. குறைந்த பேரைப் பாதிக்கும் நேரம் எது என்று தேடினால் ஞாயிறு முற்பகல்தான் வந்து நிற்கிறது. மும்பையில் புறநகர் ரயில்களுக்கு ஞாயிறுதோறும் 'மெகா பிளாக்' அறிவிப்பது பல வருடப் பழக்கம். அங்கே மக்கள் ஞாயிறு எங்கேயாவது போக வேண்டுமென்றால் முதலில் அந்த அறிவிப்பைத்தான் பார்ப்பார்கள்.

"மெட்ரோ ரயில் மட்டும் ரத்தாவதில்லையே?" என்று கேட்கலாம். சென்னை மெட்ரோ வார நாட்களில் காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை. அந்தப் பாதையில் எக்ஸ்பிரஸ் ரயிலும் கிடையாது, சரக்கு ரயிலும் கிடையாது. தினமும் இரவில் பாதை முழுசாகக் காலி. கடற்கரை – தாம்பரம் பாதைக்கு அந்த வசதி இல்லை. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் பாதை இது. இருபுறமும் நகரம் நெருக்கிக் கட்டியிருக்கிறது.

மூன்று மணி நேர பிளாக்கில் வேலை நேரம் எவ்வளவு?

பிளாட்ஃபார்மில் நிற்கும்போது மூன்று, நான்கு மணி நேரம் என்பது ரொம்ப அதிகமாகத் தோன்றும். வேலை செய்பவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்.

கடைசி ரயில் தாண்டிய பிறகு, ஸ்டேஷன் மாஸ்டரும் கண்ட்ரோலும் பிளாக்கை உறுதி செய்து பதிவு செய்ய வேண்டும். மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று சோதித்து, மின்கம்பியை எர்த் செய்ய வேண்டும். பக்கத்து யார்டில் நிற்கும் இயந்திரம் ஊர்ந்து வந்து சேர வேண்டும். அதன் பிறகுதான் முதல் ஸ்பேனர் தொடும்.

முடியும்போதும் அப்படியே. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் அகலப்பாதைக்கு உரிய 1,676 மில்லிமீட்டரில் இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். ஒரு கருவிகூட பாதையில் கிடக்கக் கூடாது. ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ண வேண்டும். எர்த்தை எடுக்க வேண்டும். 'பாதை சரி, இந்த வேகத்தில் ரயில் விடலாம்' என்று பொறுப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டுக்கு, தொடங்க அரை மணி, முடிக்க அரை மணி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேர பிளாக்கில் வேலைக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதையே 'பயணிகளுக்குச் சிரமம் வேண்டாம்' என்று மூன்று நாள், தினம் ஒரு மணி நேரமாகப் பிரித்துக் கொடுத்தால் கிடைப்பது பூஜ்யம். மொத்த மணிக்கணக்கு ஒன்றுதான்; வேலை மட்டும் நடக்காது. அதனால்தான் துண்டு துண்டாகக் கொடுப்பதைவிட, ஒரே நாளில் நீளமாகக் கொடுப்பது பல நேரங்களில் பயணிகளுக்கே லாபம்.

வேலை முடிந்தும் ரயில் ஏன் ஊர்கிறது?

திங்கட்கிழமை காலையில் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஞாயிறு வேலை நடந்த இடத்தில் ரயில் மெதுவாகப் போகும். "நேத்து முழுக்க ரயிலை நிறுத்தினாங்க, இன்னைக்கும் உருட்டுறாங்களே" என்று எரிச்சல் வரும்.

கலைத்துப் போட்ட ஜல்லி ஒரே நாளில் இறுகாது. அதன் மேல் ரயில்கள் போகப் போகத்தான் அமரும். அதனால் முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர் போன்ற குறைந்த வேகம், பிறகு அளந்து பார்த்துப் படிப்படியாக உயர்வு, கடைசியில் பழைய வேகம். எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று லோகோ பைலட்டுக்குக் 'காஷன் ஆர்டர்' என்ற எழுத்துபூர்வ உத்தரவு கொடுக்கப்படும். பாதை ஓரத்திலும் பலகை இருக்கும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டவர் மறுநாளே ஓடுவதில்லை அல்லவா? அதே மாதிரிதான்.

பிளாக் கொடுக்காவிட்டால் என்ன?

இங்கேதான் விஷயம் தீவிரமாகிறது. ரயில்வேக்குள் இரண்டு தரப்பு உண்டு. ரயில்களை ஓட்டும் பொறுப்புள்ள இயக்கப் பிரிவு, ஒவ்வொரு ரயிலும் நேரத்துக்குப் போக வேண்டும் என்று நினைக்கும். பாதைக்குப் பொறுப்பான பொறியியல் பிரிவு, எனக்கு நேரம் கொடு என்று கேட்கும். இரண்டு பேரும் பயணிகளுக்காகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இருப்பது ஒரே பாதை, ஒரே 24 மணி நேரம்.

இந்த இழுபறியில் பராமரிப்பு தொடர்ந்து தோற்றால் முதலில் நடப்பது வேகக் குறைப்பு. பாதை பலவீனமான இடங்களில் ரயில் மெதுவாகப் போகும்; ஒவ்வொரு ரயிலும் சில நிமிடம் இழக்கும்; அதன் பின்னால் வருவதும் இழக்கும். ஞாயிறு மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய், வாரம் முழுக்க எல்லோரும் தாமதமாவோம்.

இரண்டாவதாக நடக்கக் கூடியது விபத்து. 2017 ஆகஸ்ட் 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் கதௌலியில் உத்கல் எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த இடத்தில் தண்டவாளப் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. முறையான பிளாக் இல்லை. வரும் ரயிலை முன்கூட்டியே நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடும் இல்லை. வேலை செய்யாமல் விட்டதால் வந்த விபத்து அல்ல இது. வேலைக்கு உரிய நேரத்தை ஒதுக்காமல் வேலை செய்ததால் வந்தது.

ரயில் தடம்புரளல்கள் குறித்து இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்து, 2022-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையும் இதைத் தொட்டுப் பேசுகிறது. பொறியியல் பிரிவு சம்பந்தப்பட்ட தடம்புரளல்களுக்குப் பாதைப் பராமரிப்புக் குறைபாடு ஒரு முக்கியக் காரணம் என்று அது சொன்னது. விலை உயர்ந்த பராமரிப்பு இயந்திரங்கள் சும்மா நின்ற நாட்களுக்கு, பிளாக் கிடைக்காதது முக்கியமான காரணங்களில் ஒன்று என்றும் சுட்டிக்காட்டியது.

மூன்றாவது விஷயத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. பிளாக் இல்லாமல் தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்யும் கேங்மேனுக்கு, முதுகுக்குப் பின்னால் வரும் ரயில்தான் எமன். பக்கத்து லைனில் போகும் ரயிலின் சத்தத்தில் தன் லைனில் வருவது கேட்காமல் போய்விடும். பிளாக் என்பது அவர் நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்யக் கிடைக்கும் உத்தரவாதம். அவர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இழுபறி எப்படித் தீர்க்கப்படுகிறது?

ஒரு வழி, வேலைகளைச் சேர்த்துச் செய்வது. பாதை, சிக்னல், மின்கம்பி மூன்றும் வேறு வேறு பிரிவுகள். ஒவ்வொருவரும் தனித்தனியாக ரயிலை நிறுத்தினால் மூன்று ஞாயிறு போகும். ஒரே பிளாக்கில் மூன்று பேரும் இறங்கினால் ஒரு ஞாயிறோடு முடியும். இதை ஒருங்கிணைந்த பிளாக் என்கிறார்கள்.

இன்னொரு வழி, கால அட்டவணையிலேயே பராமரிப்புக்கு இடம் விடுவது. கோடுகள் எல்லாம் வரைந்த பிறகு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விடாமல், முதலிலேயே ஒரு பகுதியைக் காலியாக வைப்பது. இதற்குக் 'காரிடார் பிளாக்' என்று பெயர்.

மூன்றாவது வழிதான் நமக்கு முக்கியம். 2023 நவம்பர் 30 தேதியிட்ட அரசிதழ் அறிவிக்கை மூலம் 'ரோலிங் பிளாக்' என்ற முறை ரயில்வே விதிகளில் சேர்க்கப்பட்டது. பராமரிப்பு, பழுதுபார்ப்பு, மாற்றுப் பணிகளை 52 வாரங்கள் வரை முன்கூட்டியே திட்டமிட்டு, அதைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போவதுதான் இந்த முறை.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? முன்கூட்டியே திட்டமிட்ட வேலையை முன்கூட்டியே அறிவிக்கவும் முடியும். முன்கூட்டியே அறிவித்தால் மாற்று ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும். 2024 ஜூலை – ஆகஸ்டில் தாம்பரம் யார்டு மேம்பாட்டுப் பணிக்காக மின்சார ரயில்கள் பெருமளவு குறைக்கப்பட்டபோது, மாநகர் போக்குவரத்துக் கழகம் கூடுதல் பேருந்துகளையும் மெட்ரோ நிறுவனம் கூடுதல் ரயில்களையும் இயக்கியது இப்படித்தான்.

ரயில் ரத்தாவதை முழுவதும் தவிர்க்க முடியாது. பிளாட்ஃபார்முக்கு வந்த பிறகுதான் அது தெரியவருகிறது என்பதைத் தவிர்க்க முடியும். அதில் ரயில்வேக்கும் பங்கு உண்டு, நமக்கும் உண்டு.

அறிவிப்பில் வரும் சொற்களுக்கு என்ன அர்த்தம்?

• முழுவதும் ரத்து: அந்த ரயில் அன்றைக்குக் கிடையாது.

• பகுதி ரத்து: பாதித் தூரம் மட்டும் ஓடும். எடுத்துக்காட்டாக, கடற்கரை – செங்கல்பட்டு ரயில் தாம்பரத்திலிருந்து மட்டும் கிளம்பலாம். எந்த ஸ்டேஷனிலிருந்து, எதுவரை என்பதைக் கவனமாகப் படியுங்கள்.

• மாற்றுப் பாதை: ரயில் ஓடும், ஆனால் வேறு வழியாக. உங்கள் ஸ்டேஷன் அந்த வழியில் இல்லாமல் போகலாம்.

• நேர மாற்றம்: கிளம்பும் நேரமே தள்ளிப் போகிறது.

• வழியில் நிறுத்தி இயக்கப்படும்: நேரத்துக்குக் கிளம்பும், நடுவில் ஓர் இடத்தில் குறிப்பிட்ட நிமிடங்கள் நிற்கும். தொடர்ந்து வேறு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

தேதியிலும் ஒரு குழப்பம் வரும். 'ஞாயிறு 00.30 முதல் 04.00 வரை' என்றால் அது சனிக்கிழமை ராத்திரி தூங்கப் போகும் நேரம். ஞாயிறு ராத்திரி இல்லை.

உங்கள் போனில் செய்ய வேண்டியவை

1. ஞாயிறு பயணம் என்றால் சனிக்கிழமை மாலையே தெற்கு ரயில்வே, சென்னைக் கோட்டத்தின் அதிகாரப்பூர்வ சமூக வலைதளப் பக்கங்களைப் பாருங்கள். ரத்தாகும் மின்சார ரயில்களின் பட்டியல் அங்கே வரும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய படத்தை நம்பாதீர்கள். தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

2. எக்ஸ்பிரஸ் ரயில் என்றால் நேஷனல் ட்ரெயின் என்கொயரி சிஸ்டம் செயலியில் ரயில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரயில்வேயின் 'ரயில்ஒன்' செயலியிலும் ரயில் நிலவரம் பார்க்கலாம். செயலி இல்லாவிட்டால் 139-க்கு அழைக்கலாம்.

3. முதலில் ரயில் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு டிக்கெட் எடுங்கள். பழக்கத்தில் வாசலிலேயே டிக்கெட் எடுத்துவிட்டு உள்ளே போய் அறிவிப்பைக் கேட்பதுதான் பலர் செய்யும் தவறு.

4. மாற்று வழிக்கு 'சென்னை ஒன்' செயலியைப் பயன்படுத்தலாம். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட்டில் பயணம் செய்யும் வசதி அதில் இருக்கிறது. மீனம்பாக்கம், கிண்டி பக்கம் இருப்பவர்களுக்கு மெட்ரோ கைகொடுக்கும்.

5. முன்பதிவு செய்த ரயிலை ரயில்வேயே முழுவதும் ரத்து செய்தால், ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகத் திரும்ப வரும். நீங்களாகப் போய் ரத்து செய்ய வேண்டாம். பகுதி ரத்து என்றாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று பயணத்தைக் கைவிட்டாலோ, 'டி.டி.ஆர்.' என்ற விண்ணப்பத்தை உரிய நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும்.

6. அறிவிப்பே இல்லாமல் ரயில் ரத்தானால், சரியான தகவல் கிடைக்காவிட்டால், 'ரயில் மதத்' தளத்தில் புகார் செய்யுங்கள். தேதி, ஸ்டேஷன், நேரம் மூன்றையும் குறிப்பிடுங்கள். "ஏன் பராமரிப்பு செய்கிறீர்கள்" என்று கேட்பதைவிட "ஏன் முன்பே சொல்லவில்லை" என்று கேட்பதற்குத்தான் பலன் அதிகம்.

7. வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் ஞாயிறன்று ரயிலில் போவதாக இருந்தால், அவர்களுக்காக நீங்கள் ஒரு நிமிடம் பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, மறுபடி அந்த பிளாட்ஃபார்முக்கே போவோம். துணிக்கடை மாலையிலும் திறந்திருக்கும். பெரியவரின் சாப்பாட்டுக் கூடை பேருந்தில் போய்ச் சேரும், கொஞ்சம் ஆறிப்போயிருக்கும். ஆனால் ஹால் டிக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு இன்று மட்டும்தான். சனிக்கிழமை இரவே அவருக்குத் தெரிந்திருந்தால் பத்து மணிக்கே கிளம்பி, பிளாக் தொடங்குமுன் போய்ச் சேர்ந்திருப்பார்.

அவர் பக்கத்தில் நீங்கள் நின்றால், உங்கள் போனை எடுத்து அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை மாலை, உங்களுக்காகவும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.